முஸ்அபா, ஹம்ஸாவா? ஷஹீதுகளின் பெயரை வைப்பதில் எங்கள் வீட்டு வழக்கு

நிறைமாதம்:

அஸ்ஸலாமு அலைக்கும்.

இது எனக்கு முதல் பிரசவம். பிள்ளை ஆணா பெண்ணா என்று தெரியாது. முன்கூட்டித் தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை. ஆனால் பெயர் விஷயத்தில் வீடு மூன்று கட்சியாகப் பிரிந்து நிற்கிறது. பெரியவர்கள் தீர்ப்புச் சொல்லுங்கள்.

ஆண் பிள்ளை என்றால் என் விருப்பம் முஸ்அப். உஹது போரில் ஷஹீதான, அதாவது இறைவழியில் உயிர்நீத்த, முஸ்அப் பின் உமைர் (ரலி) அவர்களின் பெயர். உஹதுக்காக மட்டும் நான் அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. ஹிஜ்ரத்துக்கு, அதாவது மக்காவிலிருந்து மதீனாவுக்குக் குடிபெயர்வதற்கு, முன்பே நபி (ஸல்) அவர்கள் அவரை மதீனாவுக்கு ஆசிரியராக அனுப்பினார்கள். அங்கே அவர் சிலருக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தபோது உஸைத் பின் ஹுளைர் ஈட்டியோடு வந்து நின்று, உயிர்மேல் ஆசையிருந்தால் இங்கிருந்து போய்விடுங்கள் என்று மிரட்டினார். முஸ்அப் பதறவும் இல்லை, பதிலுக்குக் குரலை உயர்த்தவும் இல்லை. சற்று உட்கார்ந்து கேளுங்களேன், பிடித்திருந்தால் ஏற்றுக்கொள்ளுங்கள், பிடிக்காவிட்டால் நிறுத்திக்கொள்கிறோம் என்றார். நியாயமான பேச்சுதான் என்று சொல்லி உஸைத் ஈட்டியைத் தரையில் ஊன்றிவிட்டு உட்கார்ந்தார். எழுந்தபோது அவர் முஸ்லிம். எனக்குப் பிறக்கும் மகன் ஈட்டியை எதிர்கொள்ள வேண்டாம். கோபத்தோடு வருகிறவரை உட்காரவைக்கத் தெரிந்தவனாக இருந்தால் போதும்.

கணவர் ஹம்ஸா என்கிறார். சொல்ல எளிது, கேட்கக் கம்பீரம், நபியவர்களின் சிறிய தந்தை, ஷஹீதுகளின் தலைவர். மறுக்க எனக்கு வாய் இல்லை. ஆனால் ஹம்ஸா என்று கூப்பிட்டால் ஒரு வகுப்பறையில் நான்கு பிள்ளைகள் திரும்பிப் பார்க்கிறார்கள்.

மூன்றாவது கட்சி என் மாமியார். “வாளாலும் ஈட்டியாலும் போனவர்களின் பெயரைப் பச்சைப் பிள்ளைக்கு ஏன் வைக்கிறீர்கள்? ஆயுள் உள்ள பெயராகப் பாருங்கள்” என்கிறார். பெண் பிள்ளைக்குச் சுமைய்யா என்று நானும் கணவரும் சண்டையில்லாமல் முடிவு செய்து வைத்திருந்தோம். அதற்கு எதிர்ப்பு இன்னும் பலமாக இருக்கிறது. சிரித்துத் தள்ளிவிடலாம் என்று பார்த்தால், அவர் தம் மூத்த பிள்ளையைச் சிறு வயதிலேயே பறிகொடுத்தவர். எதிர்த்துப் பேச எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே கேட்கிறேன். நபித்தோழர்களான ஸஹாபாக்களே இப்படிப் பெயர் வைத்ததுண்டா? நான் யோசிக்காத பெயர்கள் வேறு உண்டா? பெயர்ப் பட்டியல் தளங்களை மட்டும் தயவுசெய்து காட்டாதீர்கள். அங்கே பாதிப் பெயர்களுக்கு ‘ஒளி’, மீதிக்கு ‘இளவரசன்’ என்றுதான் பொருள் போட்டிருக்கிறார்கள்.

---

பழைய ஏடு:

வ அலைக்குமுஸ்ஸலாம். உங்கள் முதல் கேள்விக்கு நேரான பதிலே இருக்கிறது, சகோதரி.

நபித்தோழர் ஸுபைர் பின் அவ்வாம் (ரலி) சொன்னதாக வரலாற்றாசிரியர் இப்னு ஸஅத் தம் தபகாத் நூலில் பதிவு செய்திருக்கிறார். தல்ஹா தம் மகன்களுக்கு நபிமார்களின் பெயர்களை வைக்கிறார், முஹம்மது (ஸல்) அவர்களுக்குப் பிறகு நபி வரப்போவதில்லை என்பது அவருக்கும் தெரியும்; நானோ என் மகன்களுக்கு ஷஹீதுகளின் பெயர்களை வைக்கிறேன், அவர்களும் ஷஹீதாகக் கூடும் என்பது அவர் பேச்சின் சாரம். நண்பர்கள் இருவருக்கிடையே ஒரு செல்லச் சீண்டல் என்றே அது எனக்குப் படுகிறது. தல்ஹாவின் மகன்கள் முஹம்மது, மூஸா, ஈஸா, யஹ்யா, இஸ்ஹாக் என்று போவார்கள். ஸுபைரின் வீட்டிலோ ஹம்ஸா, ஜஅஃபர், முஸ்அப், உபைதா, முன்திர், உர்வா, காலித், அம்ர். உங்கள் வீட்டில் மோதிக்கொள்ளும் இரண்டு பெயர்களும் அங்கே அண்ணன் தம்பிகளாக வளர்ந்தன.

ஹம்ஸா என்ற பெயர் ஸுபைருக்கு வெறும் வரலாறு அல்ல. ஹம்ஸா (ரலி) அவருடைய தாய் ஸஃபிய்யாவின் உடன்பிறந்தவர், அதாவது தாய்மாமன். உஹது முடிந்ததும் சகோதரனைக் கஃபனிட (அடக்கத்துக்குத் துணி போர்த்த) ஸஃபிய்யா இரண்டு துணிகளோடு வந்தார். பக்கத்தில் மதீனாவாசியான அன்சாரி ஒருவரும் கஃபன் இல்லாமல் கிடந்தார். ஹம்ஸாவுக்கு இரண்டும் அவருக்கு ஒன்றும் இல்லை என்பது அவர்களுக்குக் கூச்சமாகிவிட்டது. ஆளுக்கு ஒன்றாகப் போர்த்தினார்கள். இதை அறிவிப்பவரும் ஸுபைரே. அந்தத் துணியைக் கண்ணால் பார்த்தவர் வைத்த பெயர் அது.

இனி ஆயுள் விஷயம். மாமியாரிடம் பாதியைச் சொல்லி மீதியை மறைக்கும்படி நான் சொல்லமாட்டேன். முன்திர் மக்கா முற்றுகையில் மடிந்தார். முஸ்அப் பின் ஸுபைர் இராக்கின் ஆளுநராக இருந்து ஹிஜ்ரி 72-இல் போரில் கொல்லப்பட்டார். ஆனால் உர்வாவைப் பாருங்கள். உர்வா பின் மஸ்ஊத் (ரலி) தாயிஃபில் தம் மக்களை இஸ்லாத்துக்கு அழைத்ததற்காக அவர்கள் கையாலேயே கொல்லப்பட்டவர். அவர் பெயரைத் தாங்கிய ஸுபைரின் மகனோ வாளை விட்டு ஏட்டைப் பிடித்தார். சிறிய தாயார் ஆயிஷா (ரலி) அவர்களிடமிருந்து ஹதீஸ்களைக் கேட்டுக் கேட்டு, மதீனாவின் ஏழு ஃபகீஹ்களில் (மார்க்கச் சட்ட அறிஞர்களில்) ஒருவராகி முதுமை வரை வாழ்ந்தார். மறுபக்கம், நபியின் பெயரே சூட்டப்பட்ட முஹம்மது பின் தல்ஹா கி.பி. 656-இல் ஜமல் போரில் தந்தை இறந்த அதே களத்தில் இறந்தார். பெயரில் ஆயுளைத் தேடுகிறவர்களுக்கு அந்த இரண்டு வீடுகளிலும் கணக்கு ஒத்துவராது.

---

எதிர்க்கேள்வி:

ஏட்டையா சொன்னதில் ஒரு திருத்தம் தேவையில்லை, ஓர் எச்சரிக்கை தேவை. அந்த அறிவிப்பை முழுதாக எடுத்துப் போடுகிறவர்கள், மூத்த மகன் அப்துல்லாஹ்வுக்கும் அப்துல்லாஹ் பின் ஜஹ்ஷின் நினைவாகப் பெயரிட்டார் என்று சேர்த்து எழுதுகிறார்கள். அப்துல்லாஹ் பின் ஜஹ்ஷ் ஷஹீதானது உஹதில், ஹிஜ்ரி 3. அப்துல்லாஹ் பின் ஸுபைர் பிறந்தது ஹிஜ்ரத் முடிந்த கையோடு. மக்காவிலிருந்து வந்த முஹாஜிர்களுக்கு மதீனாவில் பிறந்த முதல் பிள்ளை அவர். அவருக்கு அப்துல்லாஹ் என்று பெயரிட்டது நபி (ஸல்) அவர்களே. அந்த ஒரு பெயர் மட்டும் அந்தப் பட்டியலில் பொருந்தாது. ஏட்டையா அதை விட்டுவிட்டுத்தான் எழுதியிருக்கிறார் என்பதைக் கவனித்தேன். படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

இன்னொன்று. ‘பெயரில் ஒன்றுமில்லை’ என்று யாரும் இங்கே ஆரம்பித்துவிட வேண்டாம். ஸயீத் பின் முஸய்யிபின் பாட்டனார் பெயர் ஹஸ்ன், கரடுமுரடான நிலம். நபி (ஸல்) அவர்கள் ‘நீர் ஸஹ்ல்’, அதாவது சமதரை, என்று மாற்றச் சொன்னார்கள். தந்தை வைத்த பெயரை மாற்றமாட்டேன் என்று அவர் மறுத்துவிட்டார். அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் அந்தக் கடுமை விட்டுப் போகவில்லை என்று பேரன் ஸயீத் சொன்னது புகாரி ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. ஆக, பொருளைப் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் அங்கே பார்க்கப்பட்டது பொருள். முன்பு அந்தப் பெயரோடு இருந்தவர் எப்படி இறந்தார் என்பது அல்ல. முஸ்அப் என்றாலும் முரட்டுத்தனத்தைச் சொல்லும் பெயர்தான், ஹன்ளலா என்றால் கசக்கும் குமட்டிக்காய். இரண்டு பேரும் நபியவர்களின் கண்முன் வாழ்ந்தவர்கள். இரண்டு பெயர்களும் மாற்றப்படவில்லை.

---

நிறைமாதம்:

பாரகல்லாஹு ஃபீக்கும். குமட்டிக்காய் பற்றிக் கணவரிடம் சொன்னேன். ஹன்ளலாவைப் பரிசீலிக்கலாமா என்று சும்மா ஒரு வார்த்தை கேட்டதற்கு அவர் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. திருமணமான மறுநாள் காலையிலேயே உஹதுக்கு ஓடிய மாப்பிள்ளை, வானவர்கள் குளிப்பாட்டிய உடல் என்றெல்லாம் எடுத்துச் சொல்லியும் பயனில்லை.

சுமைய்யா பற்றி யாரும் பேசவில்லையே?

---

இன்னொரு சுமைய்யா:

நான் பேசுகிறேன். என் பெயரே அதுதான்.

உங்கள் மாமியாரின் அச்சம் எனக்குப் புதிதில்லை. சின்ன வயதில் மதரஸாவில் என் பெயரைச் சொன்னால் போதும், உஸ்தாத், சுமைய்யா (ரலி) அவர்களைக் கொன்ற அபூ ஜஹ்லின் ஈட்டிக்கு வந்துவிடுவார். ஒவ்வொரு ஆண்டும் புதுப் பிள்ளைகள், ஒவ்வொரு ஆண்டும் அதே ஈட்டி. என் பெயர் ஒரு மரணம் என்றுதான் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன். வளர்ந்து நானாகத் தேடிப் படித்த பிறகு தெரிந்தது, எனக்கு யாரும் சொல்லாதது எவ்வளவு இருக்கிறது என்று.

மக்காவில் இஸ்லாத்தை வெளிப்படையாகச் சொன்ன முதல் ஏழு பேர் யார் என்று ஓர் அறிவிப்பு இருக்கிறது. நபி (ஸல்), அபூபக்ர், அம்மார், அவர் தாய் சுமைய்யா, ஸுஹைப், பிலால், மிக்தாத். ஏழில் ஒரே பெண். குலமோ காவலோ இல்லாத, அடிமையாக இருந்த, வயது முதிர்ந்த பெண். பின்னால் நிற்க யாருமில்லாத நிலையில் முன்னால் வந்து நின்றவர் என்று உஸ்தாத் ஒரே ஒருமுறை சொல்லியிருந்தால் என் பள்ளிப் பருவம் வேறு மாதிரி இருந்திருக்கும்.

அதைவிட எனக்குப் பிடித்த செய்தி வேறொன்று. ஆண்களைத் தந்தை பெயரால் அழைக்கிற சமூகம் அது. அம்மாரின் தந்தை யாசிரும் அல்லாஹ்வுக்காக வதைபட்டவர்தான். அப்படியிருந்தும் பல ஆண்டுகள் கழித்து மதீனாவில் அகழி தோண்டும்போது, மண்ணும் புழுதியுமாக நின்ற அம்மாரின் தலையைத் தடவிக்கொடுத்த நபி (ஸல்) அவர்கள் அவரைக் கூப்பிட்டது ‘சுமைய்யாவின் மகனே’ என்று. ஸஹீஹ் முஸ்லிம் ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. கலகக் கூட்டம் ஒன்று உன்னைக் கொல்லும் என்ற முன்னறிவிப்பும் அந்தப் பேச்சில்தான் வருகிறது. அம்மார் கி.பி. 657-இல் ஸிஃப்பீன் போரில் ஷஹீதானபோது தள்ளாத வயதுக் கிழவர். ஷஹீதான தாய்க்கும் தந்தைக்கும் பிறந்த மகன் தொண்ணூறை ஒட்டி வாழ்ந்தார் என்பதை மாமியாரிடம் சொல்லுங்கள்.

சுமைய்யா என்று வைப்பதாக இருந்தால் ஒரே ஒரு வேண்டுகோள். பிள்ளைக்கு முதலில் ‘சுமைய்யாவின் மகனே’ கதையைச் சொல்லுங்கள். ஈட்டி எங்கேயும் போய்விடாது.

---

கரைமணல்:

எல்லோரும் உஹதோடும் மக்காவோடும் நின்றுவிட்டீர்கள். கர்பலா போர்க்களத்தை விட்டுவிட்டு ஷஹீதுகள் பட்டியலா? ஹிஜ்ரி 61, முஹர்ரம் 10. ஹுஸைன், தண்ணீர் கொண்டுவரப் போன அப்பாஸ், ஹஸனின் மகன் காஸிம், அலீ அக்பர். அப்பாஸ் என்பது வாய்க்கும் எளிது, காதுக்கும் இனிது. எழுதுவதிலும் குழப்பம் வராது. யோசியுங்கள்.

---

ராத்தா:

தங்கச்சி, நீ பிரசவத்தை நினைத்துக் கலங்காமல் பெயரை நினைத்துக் கலங்குகிறாயே, மாஷா அல்லாஹ், நல்ல கலக்கம்.

உன் மாமியாருக்குக் கணக்கும் ஆதாரமும் வேண்டியதில்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்கு ஆண்டுக்கணக்கு எதற்கு? குபைப் பின் அதீ (ரலி) அவர்களின் கதையைப் பக்கத்தில் உட்கார்ந்து சொல். புகாரியில் உள்ளது. நான் அறிந்தபடி சொல்கிறேன்.

ரஜீஃ என்ற இடத்தில் நயவஞ்சகமாகப் பிடிக்கப்பட்டு மக்காவில் விற்கப்பட்டார் குபைப். பத்ர் போரில் அவர் கையால் இறந்த ஹாரிஸின் மக்களே பழிவாங்க அவரை வாங்கினார்கள். கொல்லப்போகும் நாள் வரை அவர்கள் வீட்டிலேயே சிறை. இந்தக் கதையைச் சொல்கிறவள் அந்த ஹாரிஸின் மகள், அதை மனத்தில் வைத்துக்கொள். மரணத்துக்கு முன் உடலைச் சுத்தம் செய்துகொள்ள ஒரு சவரக்கத்தி வேண்டும் என்று குபைப் அவளிடம் கேட்டார். கொடுத்தாள். அவள் கவனிக்காத நேரத்தில் அவளுடைய சின்னப் பிள்ளை தத்தித் தத்தி அவரிடம் போய்விட்டது. திரும்பிப் பார்க்கிறாள்: பிள்ளை அவர் தொடைமேல் உட்கார்ந்திருக்கிறது, கத்தி அவர் கையில் இருக்கிறது.

அவளுக்கு உயிரே போய்விட்டது. அதை அவள் முகத்திலேயே குபைப் படித்துவிட்டார். இவனைக் கொன்றுவிடுவேன் என்று அஞ்சுகிறாயா, நான் அப்படிச் செய்கிறவன் அல்லன் என்றார். தன்னைக் கொல்லப்போகிறவர்களின் பிள்ளை, கையில் ஆயுதம், கேட்பதற்கு ஆளில்லை. குபைபைவிட நல்ல கைதியை நான் கண்டதில்லை என்று பிற்காலத்தில் சொன்னவள் அந்தப் பிள்ளையின் தாய்தான்.

பிறகு கொல்வதற்காக மக்காவுக்கு வெளியே தன்ஈமுக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு ரக்அத் தொழ நேரம் கேட்டார். தொழுதுவிட்டு, மரணத்துக்கு அஞ்சுகிறேன் என்று நீங்கள் நினைப்பீர்கள், இல்லாவிட்டால் இன்னும் நீட்டியிருப்பேன் என்றார். கொல்லப்படும் முன் இரண்டு ரக்அத் தொழும் வழக்கம் அவரிடமிருந்து வந்தது.

ஷஹீதின் பெயர் என்றால் ரத்தம் மட்டும்தானா என்று உன் மாமியாரிடம் கேள். அந்த மடியையும் சொல்.

---

எதிர்க்கேள்வி:

ராத்தா, கதைக்கு ஸலாம். ஆனால் பெயராக வைக்கும் முன் சகோதரி ஒருமுறை உரக்கக் கூப்பிட்டுப் பார்க்கட்டும். குபைபை நம் எழுத்தில் எழுதினால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அதை என்னவாக மாற்றுவார்கள் என்பது தமிழ் தெரிந்த எவருக்கும் விளங்கும்.

ராத்தாவின் வழியிலேயே நானும் ஒன்று சொல்கிறேன், பெயர் ஜஅஃபர். ஹிஜ்ரி 7-இல் உம்ரா முடித்து நபி (ஸல்) அவர்கள் மக்காவை விட்டுக் கிளம்பும்போது, உஹதில் இறந்த ஹம்ஸாவின் சின்ன மகள் “யா அம்மீ, யா அம்மீ” (என் சிறிய தந்தையே) என்று கூவிக்கொண்டே பின்னால் ஓடிவந்தாள். அலீ (ரலி) அவள் கையைப் பிடித்து ஃபாத்திமா (ரலி) அவர்களிடம் ஒப்படைத்தார்கள். பிறகு இவளை யார் வளர்ப்பது என்று மூன்று பேர் போட்டி. அலீ, என் சிறிய தந்தையின் மகள் என்கிறார். ஜஅஃபர், எனக்கும் அதே உறவு, மேலும் இவள் தாயின் சகோதரி என் மனைவி என்கிறார். ஸைத், ஹம்ஸா என் சகோதரராக்கப்பட்டவர், இவள் என் சகோதரன் மகள் என்கிறார். நபியவர்கள் குழந்தையை ஜஅஃபரின் மனைவியிடம் கொடுத்தார்கள். தாயின் சகோதரி தாயின் இடத்தில் இருப்பவர் என்றார்கள். மற்ற இருவரையும் வெறுங்கையோடு அனுப்பவில்லை, ஆளுக்கு ஒரு நல்ல வார்த்தை. ஜஅஃபருக்குக் கிடைத்தது: தோற்றத்திலும் குணத்திலும் நீர் என்னை ஒத்திருக்கிறீர்.

மறு ஆண்டே, ஹிஜ்ரி 8-இல் (கி.பி. 629), மூத்தா போரில் ஸைதும் ஜஅஃபரும் ஒருவர் பின் ஒருவராகக் கொடியை ஏந்தி ஷஹீதானார்கள். கி.பி. 661-இல் கூஃபாவில் அலீ. அநாதைப் பெண்ணை வளர்க்க எனக்குத்தான் உரிமை என்று மல்லுக்கு நின்ற மூவரும் ஷஹீதுகள். ஹம்ஸாவை விட முடியாது என்கிற உங்கள் கணவருக்கும் இந்தக் கதையில் பங்கு இருக்கிறது, பாருங்கள்.

---

நிறைமாதம்:

ஜஸாகல்லாஹு கைரன், எல்லோருக்கும். நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன்.

ராத்தா சொன்னதை அப்படியே மாமியாருக்கு வாசித்துக் காட்டினேன். சவரக்கத்தி வந்த இடத்தில் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். முடித்ததும் கேட்டது ஒன்றே ஒன்று: “அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லையே?” ஆகவில்லை மாமி என்றேன். கொஞ்ச நேரம் தஸ்பீஹை உருட்டிக்கொண்டிருந்துவிட்டு, சுமைய்யா இருக்கட்டும் என்று எழுந்து போய்விட்டார். பெண் பிள்ளை வழக்கு அத்தோடு தீர்ந்தது. இன்னொரு சுமைய்யா அக்கா, உங்கள் வேண்டுகோள் ஏற்கப்பட்டது.

ஆண் பிள்ளை வழக்கு மட்டும் முன்னைவிடச் சிக்கலாகிவிட்டது, அதற்கு நீங்கள்தான் பொறுப்பு. ஆயுள் பற்றிய பேச்சு மாமியாரிடமிருந்து போயே போய்விட்டது. அதற்குப் பதில், முஸ்அப் வாயில் நுழையவில்லை என்று புதுப் புகார். கணவர் ஹம்ஸாவிலிருந்து இறங்கி உர்வாவில் உட்கார்ந்திருக்கிறார், பிள்ளை படிப்பாளி ஆவான் என்ற நப்பாசையில். எனக்கு இப்போது ஜஅஃபரும் பிடித்துப்போய்விட்டது. இதையெல்லாம் முடிவு செய்யாமலே பிரசவ வலி வந்துவிட்டால் என்ன செய்வது?

---

ராத்தா:

வரட்டுமே. மகன் இப்ராஹீம் பிறந்தபோது நபி (ஸல்) அவர்கள், நேற்றிரவு எனக்கு மகன் பிறந்தான், என் தந்தை இப்ராஹீமின் பெயரைச் சூட்டினேன் என்றார்கள். ஆகவே பிறந்த அன்றே வைக்கலாம். ஏழாம் நாள் வைப்பதற்கும் ஹதீஸ் இருக்கிறது. சண்டைக்கு ஒரு வாரம் தாராளமாகக் கிடைக்கும். ஆனால் மாமியாரின் வாயில் நுழைகிற பெயராகப் பார், தங்கச்சி. பிள்ளையை நாள் முழுக்கக் கூப்பிடப் போகிறவர் அவர்தான்.